உத்தரவுப்படி சுட்ட சிப்பாய் குற்றவாளியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வேறொரு நாட்டுக்குள் படை அனுப்புவது அரசாங்கம். அங்கே போய் மேலதிகாரி சொன்னபடி துப்பாக்கியை நீட்டுவது இருபது வயதுப் பையன். அப்படியிருக்க, வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் மக்களைச் சுட்டுக் கொன்ற மை லாய் படுகொலைக்கு ஒரே ஒரு லெப்டினன்டைத் தண்டித்தது நியாயமா, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவனைக் குற்றவாளி என்பது சரியா என்று கேட்கிறீர்கள். கூடவே, உங்கள் தம்பி ராணுவத்துக்குத் தேர்வாகியிருக்கிறான், அவனிடம் இதைப் பற்றி எப்படிப் பேசுவது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் சட்டக் கல்லூரியில் பல வருடங்களாகக் குற்றவியல் சட்டமும் போர்க்காலச் சட்டமும் நடத்துகிறேன். போர்முனையில் நின்றவன் இல்லை. குண்டு விழும் இடத்தில் ஒரு மனம் என்ன பாடுபடும் என்பதை அங்கே இருந்தவர்கள்தான் சொல்ல முடியும். தீர்ப்புகளும் சாட்சியங்களும் எனக்குப் பழக்கம், அவற்றை வைத்துப் பதில் சொல்கிறேன்.

சட்டத்தில் ஓரளவு உறுதியான பகுதியை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு போரைத் தொடங்கியது தப்பா என்பது ஒரு கேள்வி. அந்தப் போருக்குள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சாதாரணச் சிப்பாயை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாஜித் தலைவர்களை விசாரித்த நூரெம்பெர்க்கில்கூடப் போர் தொடுத்த குற்றத்துக்கு விசாரிக்கப்பட்டவர்கள் ஆட்சியின் உச்சியில் இருந்தவர்கள்தான். இரண்டாவது கேள்வியில் சிப்பாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. "மேலே இருந்து உத்தரவு" என்று சொன்னால் மட்டும் பொறுப்பு போய்விடாது. வேறுவிதமாக நடந்துகொள்ள உண்மையிலேயே அவனுக்கு வழி இருந்ததா என்பதுதான் பார்க்கப்படும். நூரெம்பெர்க் விசாரணையிலிருந்து எடுத்து ஐ.நா. தொகுத்த கோட்பாடு இதுதான். அமெரிக்க ராணுவ மேல்முறையீட்டு நீதிமன்றம் மை லாய் வழக்கில் 1973இல் ஏற்றுக்கொண்ட அளவுகோல் இன்னும் எளிமையானது: சாதாரண அறிவுள்ள ஒருவருக்கு அந்தச் சூழ்நிலையில் இது சட்டவிரோதமான உத்தரவு என்று தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும் என்றால், உத்தரவு கேடயம் ஆகாது. நம் நாட்டு ராணுவச் சட்டமும் (1950) கட்டளையை மீறுவதைக் குற்றமாக்கும் 41ஆம் பிரிவில் "சட்டப்படியான கட்டளை" என்றுதான் சொல்கிறது. அந்த அடைமொழி சும்மா போட்டதில்லை.

இனி, அன்று நடந்தது. 1968 மார்ச் 16, குவாங் ஙாய் மாகாணத்தில் சோன் மி என்ற ஊர். மை லாய் அதன் ஒரு பகுதி. காலை ஏழரை மணியளவில் சார்லி கம்பெனி என்ற அமெரிக்கப் படைப்பிரிவு ஹெலிகாப்டரில் வந்து இறங்கியது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது இது: அமெரிக்கப் படையை எதிர்த்த வியட்காங் கெரில்லாக்களின் 48ஆம் பட்டாலியன் அங்கே பதுங்கியிருக்கிறது, பெண்களும் குழந்தைகளும் ஏழு மணிக்கெல்லாம் சந்தைக்குப் போய்விடுவார்கள், மிச்சமிருப்பவன் எதிரி. இறங்கிப் பார்த்தால் பட்டாலியன் இல்லை. ஊர் முழுக்க முதியவர்களும் பெண்களும் பிள்ளைகளும்தான், பல வீடுகளில் காலைச் சோறு வெந்துகொண்டிருந்தது. எதிர்த்து யாரும் சுடவில்லை. அந்தக் கம்பெனியில் அன்று காயம்பட்டது ஒரே ஒருவர். அவர் காலில் பாய்ந்ததும் அவருடைய கைத்துப்பாக்கிக் குண்டு. மதியத்துக்குள் அந்த ஊரில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்துக் கிடந்தார்கள். வியட்நாம் நினைவிடத்தில் பொறித்திருக்கும் எண்ணிக்கை 504, அமெரிக்க ராணுவத்தின் மதிப்பீடு 347. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் நம் கேள்வி மாறாது.

அந்தக் கம்பெனியின் நிலையையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணுக்கே தெரியாத எதிரி வைத்த கண்ணிவெடிகளில் வாரக்கணக்காக ஆட்களை இழந்திருந்தார்கள். இரண்டு நாள் முன்னர்தான் ஒரு சார்ஜென்ட் அப்படிச் செத்தார். பயமும் ஆத்திரமும் இருந்தன என்பதில் சந்தேகமே இல்லை. எந்த மனிதனும் அந்த நிலையில் இப்படித்தான் செய்திருப்பான் என்று இதை வைத்து வாதிடுகிறவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. அதே பயத்தையும் அதே ஆத்திரத்தையும் சுமந்துகொண்டு, அதே கம்பெனியில் நின்ற சிலர் சுட மறுத்தார்கள். ராபர்ட் மேப்பிள்ஸ் என்ற சிப்பாய், குழியில் இருந்த மக்கள்மீது இயந்திரத் துப்பாக்கியைத் திருப்பச் சொன்னபோது முடியாது என்றார். ஹாரி ஸ்டான்லியும் மைக்கேல் பெர்ன்ஹார்ட்டும் அப்படியே. மறுத்ததற்காக அன்று யாரையும் யாரும் சுட்டுவிடவில்லை, பிறகு ராணுவ நீதிமன்றத்துக்கு இழுக்கவும் இல்லை. இன்னொரு பக்கம், பால் மீட்லோ அழுதுகொண்டே சுட்டார் என்கின்றன சாட்சியங்கள். அந்த அழுகையை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். செய்வது தவறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தேதான் விசையை அழுத்தியிருக்கிறார். சட்டம் தேடுகிற "தெரிந்திருக்குமா" என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. அவர்மீது எனக்கு இரக்கம் உண்டு. பொறுப்பு இல்லை என்று மட்டும் சொல்ல வரவில்லை.

மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த ஒரு சிறிய கண்காணிப்பு ஹெலிகாப்டரில் ஹ்யூ தாம்ப்சன் என்ற வாரண்ட் அதிகாரியும், கிளென் ஆண்ட்ரியாட்டா, லாரன்ஸ் கோல்பர்ன் என்ற இரண்டு பேரும் இருந்தார்கள். காயம்பட்டவர்கள் கிடந்த இடங்களில் தாம்ப்சன் பச்சைப் புகைக்குண்டு போட்டார், கீழே இருப்பவர்கள் வந்து மருத்துவ உதவி செய்வார்கள் என்று நம்பி. திரும்பி வந்து பார்த்தபோது அவர்கள் உயிரோடு இல்லை. அப்புறம் ஒரு பதுங்குகுழியில் பத்துப் பேர் அளவில் ஒளிந்திருப்பதையும், அவர்களை நோக்கிச் சிப்பாய்கள் நடந்து வருவதையும் பார்த்தார். நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். தன்னுடன் இருந்த இருவரிடமும், நம் ஆட்கள் இந்த மக்களைச் சுட்டால் நீங்கள் அவர்களைச் சுடுங்கள் என்று சொல்லிவிட்டு, தான் குழிக்குப் போய் ஒவ்வொருவராகச் சைகை காட்டி வெளியே கூப்பிட்டார். அவருடைய ஹெலிகாப்டரில் அத்தனை பேருக்கு இடம் கிடையாது. கூடவே பறந்துகொண்டிருந்த தாக்குதல் ஹெலிகாப்டர்களின் விமானிகளை வானொலியில் அழைத்து, இறங்கி வந்து ஏற்றிக்கொண்டு போகக் கேட்டார். அவர்களும் இறங்கினார்கள். பிறகு பிணங்கள் நிறைந்த வாய்க்காலில் ஏதோ அசைவதைக் கண்டு, ஆண்ட்ரியாட்டா அதில் இறங்கி, உயிரோடு இருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். மூன்று வாரத்தில் அவரும் போரில் இறந்துபோனார். தாம்ப்சன் முகாமுக்குத் திரும்பி ஆத்திரத்தோடு புகார் சொன்ன பிறகுதான் சுடுவதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. இவர்கள் மூவருக்கும் உரிய பதக்கம் 1998இல்தான் கிடைத்தது, சரியாக முப்பது வருடம் கழித்து. இடைப்பட்ட காலத்தில் ஒரு நாடாளுமன்றக் குழுத் தலைவர், இதில் தண்டிக்கப்பட வேண்டியவர் தாம்ப்சன்தான் என்றே பேசினார்.

சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி இனிமேல்தான் வருகிறது. முந்தின நாள் மாலை கம்பெனித் தலைவர் கேப்டன் எர்னஸ்ட் மெடினா என்ன சொன்னார்? பெண்கள், குழந்தைகள் உட்பட எல்லாரையும் கொல்லச் சொன்னார் என்று சிலர் சாட்சி சொன்னார்கள். அப்படி அவர் சொல்லவே இல்லை என்றார்கள் வேறு சிலர். மெடினாவும் மறுத்தார். 1971இல் விடுதலையானார். அவருடைய வழக்கில் நடுவர்களுக்குச் சொல்லப்பட்ட விதி, ஆட்கள் செய்துகொண்டிருப்பது அவருக்கு நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது. வகுப்பில் நான் இதற்குப் பக்கத்திலேயே 1946ஐ வைத்துக் காட்டுவேன். மணிலாவில் தன் படைகள் செய்த அட்டூழியங்களைத் தடுக்கத் தவறினார் என்பதற்காக ஜப்பானியத் தளபதி யமாஷிதாவை அமெரிக்க ராணுவ ஆணையம் தூக்கில் போட்டது. நேரில் உத்தரவிட்டார் என்று காட்ட வேண்டிய அவசியம் அங்கே எழவில்லை. தோற்ற நாட்டுத் தளபதிக்கு அப்படி ஒரு அளவுகோல், சொந்த நாட்டுக் கேப்டனுக்கு வேறொன்று. இதை நியாயப்படுத்தும் ஒரு வாதம்கூட எனக்கு இதுவரை திருப்தியாக இருந்ததில்லை.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். மொத்தம் 26 பேர்மீது குற்றச்சாட்டு வந்தது, தண்டனை பெற்றவர் லெப்டினன்ட் வில்லியம் கேல்லி ஒருவர்தான். 22 பேரைக் கொன்றதாக 1971 மார்ச்சில் தீர்ப்பானது, ஆயுள் தண்டனை. அதைச் சொன்ன ஆறு பேரும் ராணுவ அதிகாரிகள், அவர்களில் ஐவர் வியட்நாமில் பணியாற்றியவர்கள். ஆக, போர் தெரியாதவர்கள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கொடுத்த தீர்ப்பு என்று அதைத் தள்ள முடியாது. ஆனால் சில நாளிலேயே அதிபர் நிக்சன் அவரைச் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றச் சொன்னார். தண்டனை 20 வருடமானது, பிறகு 10 ஆனது. 1974இல் பரோலில் வெளியே வந்துவிட்டார். கேல்லியைத் தண்டித்தது நியாயம்தான். மற்றவர்களை விட்டதுதான் அநியாயம். இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். பொறுப்பைப் பாகப்பிரிவினை செய்வது போல, மேலே இருப்பவனுக்கு அதிகம் கொடுத்தால் கீழே இருப்பவனுக்குக் குறையும் என்று நினைக்கிறோம். பொறுப்பு அப்படிக் குறைவதில்லை. தளபதியை நூறு சதவீதம் குற்றவாளி என்று நிறுத்தினாலும், வாய்க்கால் கரையில் நின்று சுட்டவனின் குற்றம் அப்படியே இருக்கும். கேல்லியைப் பலிகடா என்று அன்று கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் சொன்னார்கள். பலிகடா என்றால் செய்யாத குற்றத்தைச் சுமப்பது. அவர் சுமந்தது தான் செய்ததை.

மேலே இருந்தவர்கள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வழக்குகள் எட்டாத இடம் அது. இந்தப் போரில் ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்று அளக்கப் பிடித்த நிலம் இல்லை, கொன்ற தலைகளைத்தான் எண்ணினார்கள். சில பகுதிகளை வரைபடத்தில் குறித்து, உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் எதிரிகள் என்று வைத்துக்கொண்டு சுட அனுமதித்தார்கள். அன்றைய ராணுவ அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? எதிரிகள் 128 பேர் சாவு, கைப்பற்றிய ஆயுதங்கள் 3. நூற்று இருபத்தெட்டுப் பேர் மூன்று துப்பாக்கியை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போட்டார்கள் என்று அதைப் படித்த எந்த அதிகாரியும் கேட்கவில்லை. வியட்நாமில் அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் அந்தக் கம்பெனிக்குப் பாராட்டு அனுப்பினார். பிரிகேட் தளபதி கர்னல் ஹென்டர்சன் ஏப்ரலில் எழுதிய அறிக்கையில், இருபது பேர் பீரங்கிக் குண்டிலும் இரு தரப்புச் சண்டையின் நடுவிலும் சிக்கித் தவறுதலாக இறந்தார்கள் என்றார். மறைத்ததற்காக விசாரிக்கப்பட்டவர் அவர் ஒருவரே, அவரும் விடுதலை. டிவிஷன் தளபதி கோஸ்டருக்கு ஒரு நட்சத்திரம் பறிபோனது, அதாவது பதவியில் ஒரு படி இறக்கினார்கள், அவ்வளவுதான். வெளியே தெரிந்ததுகூட இவர்களால் இல்லை. ரான் ரைடனவர் என்ற முன்னாள் சிப்பாய், சம்பவத்தில் இல்லாதவர், நண்பர்கள் சொல்லக் கேட்டதை எல்லாம் சேர்த்து 1969 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். ராணுவப் புகைப்படக்காரர் ரான் ஹேபர்லி அன்று இரண்டு வகைக் கேமரா வைத்திருந்தார். ராணுவத்தின் கறுப்பு வெள்ளைக் கேமராவில் எடுத்ததை ராணுவத்திடம் கொடுத்துவிட்டார். தன் சொந்தக் கேமராவில் இருந்த வண்ணப் படங்கள்தான் அந்த வருடம் நவம்பரில் பத்திரிகையில் வந்து உலகத்தை உலுக்கின. விசாரணை சூடுபிடித்தபோது கம்பெனியின் பல பேர் படையை விட்டுப் போய்விட்டிருந்தார்கள், அவர்களை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தவே முடியவில்லை.

வெளிநாட்டுப் படையெடுப்பு என்பது இங்கேதான் தனியாகக் கனக்கிறது என்பது என் கருத்து. சொந்த ஊரில் போலீஸ் அத்துமீறினால், ஊர்க்காரர்களுக்கு ஓட்டு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. எவ்வளவு பழுதாக இருந்தாலும் ஒரு வாசல் இருக்கிறது. சோன் மி மக்களுக்கு அந்த வாசல் கிடையாது. விசாரித்தவர்கள், தீர்ப்பு சொன்னவர்கள், தண்டனையைக் குறைத்த அதிபர், அவருக்குத் தந்தி அடித்த பொதுமக்கள் எல்லாரும் சுட்டவரின் நாட்டுக்காரர்கள். இதை ஒரு வழக்கோடு வழக்கு ஒப்பிட்டே காட்டலாம். 1961 முதல் 1971 வரை வியட்நாமின் காடுகள்மீதும் வயல்கள்மீதும் அமெரிக்க விமானங்கள் 7 கோடி லிட்டருக்கும் மேல் களைக்கொல்லி தெளித்தன, பெரும்பகுதி ஏஜென்ட் ஆரஞ்சு. அதனால் பாதிக்கப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் தயாரிப்பு நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டு 1984இல் 18 கோடி டாலர் சமரசத் தொகை பெற்றார்கள். அதே மருந்து விழுந்த மண்ணில் வாழ்ந்த வியட்நாமியர்கள் அதே நாட்டு நீதிமன்றத்துக்குப் போனபோது, 2005இல் வழக்குத் தள்ளுபடி. மேல்முறையீடும் 2008இல் தோற்றது. இது வியட்நாமோடு முடிந்த கதையும் இல்லை. 2005இல் இராக்கின் ஹதீதாவில் அமெரிக்க மரீன்கள் 24 பேரைக் கொன்ற வழக்கில் எட்டுப் பேர்மீது குற்றம் சாட்டினார்கள். கடைசியில் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அமெரிக்கா அதில் உறுப்பினர் இல்லை. ஆப்கானிஸ்தானில் நடந்ததை விசாரிக்க அந்த நீதிமன்றம் 2020இல் அனுமதி கொடுத்தபோது, அதன் வழக்குத் தொடுநர்மீதே அமெரிக்கா தடைகள் விதித்தது. இந்தியாவும் உறுப்பினர் இல்லை என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. இதைப் படிக்கும் பல பேருக்கு மை லாயைவிட யாழ்ப்பாணம் பக்கம். 1987இல் ஒப்பந்தத்தின்பேரில் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. வரவேற்றவர்களோடு சில மாதத்திலேயே போர் மூண்டது. அந்த அக்டோபரில் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் படை நுழைந்தபோது நோயாளிகளும் டாக்டர்களும் தாதியருமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது அங்கிருந்து தப்பியவர்களின் வாக்குமூலங்கள் சொல்வது. உள்ளே இருந்து புலிகள் சுட்டார்கள், இரு தரப்புச் சண்டையில் சிக்கியவர்கள் அவர்கள் என்பது இந்தியத் தரப்பின் பதில். எது எவ்வளவு என்று தீர்ப்பு சொல்லும் சாட்சியப் பதிவு நடக்கவே இல்லை. அங்கே ஒரு கேல்லிகூட விசாரிக்கப்படவில்லை. அந்தப் படையில் 1,200 பேர் அளவில் இந்தியச் சிப்பாய்களும் உயிரிழந்தார்கள், 1990 மார்ச்சில் மிச்சப் படை திரும்பியது. படை அனுப்பிய முடிவுக்கு யார் பதில் சொன்னார்கள் என்று இறந்த சிப்பாய்களின் வீடுகளிலும் கேட்கலாம், மருத்துவமனையில் இறந்தவர்களின் வீடுகளிலும் கேட்கலாம். எல்லாத் தலையீடும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்துகொண்டிருந்த கொலைகளை நிறுத்தியது இந்தியப் படைதான், சில மாதத்தில் திரும்பியும் வந்துவிட்டது. ஆனால் அங்கேகூட, போர்க்குற்றத்துக்கு விசாரிக்க வங்கதேசம் கேட்ட 195 பாகிஸ்தானியப் போர்க்கைதிகள் 1974 முத்தரப்பு ஒப்பந்தத்தில் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். ராஜதந்திரம் ஒரு பக்கம் வந்தால் பொறுப்பு இன்னொரு பக்கம் வெளியேறுவதைத்தான் அங்கேயும் பார்க்கிறோம்.

போரே தப்பு என்று நினைக்கும் சிப்பாய் போகாமல் இருக்க வேண்டுமா என்பதற்கு என்னிடம் உறுதியான விடை இல்லை. தத்துவ ஆசிரியர்களிடையே இது இன்னும் தீராத வழக்கு. அநியாயமான போரில் சண்டையிடுவதே தவறு, விதிப்படி சுட்டாலும்தான் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அரசாங்கம் கையில் வைத்திருக்கும் தகவல் இருபது வயதுச் சிப்பாயிடம் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள் இன்னொரு சாரார். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். கட்டாய ராணுவச் சேவைக்கு இழுக்கப்பட்டவன் விஷயத்தில் நிச்சயமாக. விரும்பிச் சேர்ந்தவன் விஷயத்தில் அந்தச் சாய்வு கொஞ்சம் தளர்கிறது, அதை ஒளிக்கவில்லை.

தம்பியிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். பயமுறுத்த வேண்டாம். பெரும்பாலான சிப்பாய்களுக்கு வாழ்நாளில் இப்படி ஒரு உத்தரவு வருவதில்லை. மை லாய்க்குப் பிறகு, 1974இல், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை எல்லாப் படைகளுக்கும் போர்ச் சட்டப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. இங்கேயும் பயிற்சியில் அந்த வகுப்பு வரும், குறிப்பாக ஐ.நா. அமைதிப்படைக்குப் போகிறவர்களுக்கு. அதைச் சம்பிரதாயம் என்று தூங்கிக் கழிக்காமல், "இந்தச் சந்தர்ப்பத்தில் என்ன செய்வது?" என்று எழுந்து கேட்கச் சொல்லுங்கள். சரணடைந்தவர், காயம்பட்டவர், ஆயுதம் இல்லாதவர், இந்த மூன்று பேர் விஷயத்தில் சந்தேகமான கட்டளை வந்தால், எல்லார் காதிலும் விழும்படி, முடிந்தால் வானொலியிலேயே, கட்டளையைத் திரும்பச் சொல்லக் கேட்கலாம். அது கீழ்ப்படியாமை ஆகாது, சொன்னவரும் ஒரு நிமிடம் யோசிப்பார். பார்த்ததைத் தேதியோடு எழுதி வைக்கட்டும். பெர்ன்ஹார்ட்டிடம், உன் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதாதே என்று மெடினா சொன்னாராம். பெர்ன்ஹார்ட்டே கொடுத்த சாட்சியம் அது. பிறகு ரைடனவர் விசாரித்துக்கொண்டு வந்தபோது, நடந்ததை ஒப்புக்கொண்டு, விசாரணை வந்தால் உண்மையைச் சொல்வேன் என்று உறுதி கொடுத்தவர் அதே பெர்ன்ஹார்ட். அந்த உறுதியை வாங்கிக்கொண்ட பிறகுதான் ரைடனவர் கடிதத்தை அனுப்பினார்.